சேகரிப்போர் உலகம் – 14: ஒரே கேசட்டில் ஒன்பதாயிரம் ஆட்டம்

காங்கேயம் என்ற பெயரைக் கண்டதும் காளையை எதிர்பார்க்கும் வாசகர்கள் இந்த வாரம் சற்றே ஏமாற்றமடைய நேரிடும். கொரங்காட்டு மேய்ச்சலையும் கண்ணபுரத்து மாட்டுச் சந்தையையும் பற்றி எழுத வேறு சந்தர்ப்பம் வாய்க்காமலா போகும்? இப்போது நான் சொல்லப் புகுந்தது, தொண்ணூறுகளிலும் அதற்கடுத்த பத்தாண்டுகளிலும், இவ்வூர்ப் பேருந்து நிலையத்தைச் சுற்றியிருந்த ஃபேன்சி ஸ்டோர்களின் கண்ணாடிப் பெட்டிக்குள், வளையலுக்கும் கைக்கடிகாரத்துக்கும் நடுவே, மஞ்சள் பிளாஸ்டிக் கூடு அணிந்து வீற்றிருந்த ஒரு வஸ்துவைப் பற்றி. டிவி கேமில் சொருகி விளையாடும் கேசட் அது. மேலே ஒட்டியிருந்த வண்ணத்தாளில் சம்பந்தமில்லாத நாலைந்து வீரர்கள் ஒருவர்மேல் ஒருவர் பாய்ந்துகொண்டிருப்பார்கள். அவர்களுக்கு மேலே கொட்டை எழுத்தில் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும்.

இவ்வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளில் வாரச் சம்பளம் சனிக்கிழமை மாலையில்தான் கைக்கு வரும் என்பதை அறிந்தவர்களுக்கு, ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் கண்ணாடிப் பெட்டியின் முன்னால் நடைபெற்ற விவாதங்களின் தன்மை எளிதில் விளங்கும். ஒரு கேசட் வாங்கித் தரத் தகப்பனார் சம்மதித்துவிட்டார். எதை வாங்குவது என்பதுதான் பிரச்னை. கடைக்காரர் இரண்டை எடுத்து வைக்கிறார். ஒன்றில் 9999 ஆட்டம், மற்றதில் நாலே நாலு. “ஏனுங்ண்ணா, நாலு ஆட்டத்துக்கா இத்தனை வெலை சொல்றீங்க?” என்று தகப்பனார் கேட்கிறார். “அது பெரிய ஆட்டமுங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்காரர் அடுத்தவரைக் கவனிக்கப் போய்விடுகிறார். ரூபாய்க்கு எத்தனை ஆட்டம் என்று மனக்கணக்குப் போட்ட தகப்பனார், வீட்டுக்கு நூல் வாங்கினாலும் அரிசி வாங்கினாலும் அப்படியே கணக்குப் பார்த்துப் பழகியவராகையால், 9999-ஐயே வாங்கிக் கொடுத்துப் பெருமிதத்தோடு வீடு திரும்புவார்.

கடைக்காரர் சொன்னதோ அட்சரசுத்தமான உண்மை. ஜப்பானிய நின்டெண்டோ நிறுவனம் 1985இல் வெளியிட்ட ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ என்ற ஆட்டம், முப்பத்திரண்டு கட்டங்களும் அத்தனை பாட்டும் படமும் சேர்ந்து, 40 கிலோபைட்டுக்குள் அடங்கிவிட்டது. இன்றைக்குக் கைப்பேசியில் வருகிற ஒரு காலை வணக்கப் படத்துக்குக்கூட அந்த இடம் போதாது. ஆனால் கொனாமி நிறுவனத்தார் 1988இல் வீட்டுக் கருவிக்குக் கொண்டுவந்த ‘கான்ட்ரா’வுக்கு எட்டே கட்டங்கள்தாம் என்றாலும், அதற்கு 128 கிலோபைட் வேண்டியிருந்தது. இடம் அதிகம் வேண்டுமென்றால் பெரிய சில்லு வேண்டும். பெரிய சில்லுக்கு விலை அதிகம். ஆகவே எண்ணிக்கை பெரிதாகப் போட்ட கேசட்டுகளில் ‘ரோடு ஃபைட்டர்’, ‘சர்க்கஸ்’, ‘பலூன் ஃபைட்’ போன்ற சின்னஞ்சிறு ஆட்டங்களே நிறைந்திருந்தன. எண்ணிக்கை சுருங்கச் சுருங்க ஆட்டத்தின் விஸ்தாரம் கூடியது. கேசட்டின் மேல் எழுதிய எண்ணைத் தலைகீழாகப் படிக்கத் தெரிந்த சிறுவன் அதிர்ஷ்டசாலி.

அந்த 9999 என்ற எண்ணுக்கும் ஒரு கதை உண்டு. கருவியை முடுக்கியதும் திரையில் பெயர்ப்பட்டியல் வரும்; பக்கம் பக்கமாகத் தள்ளிக்கொண்டே போனால், முதலில் கண்ட ஆட்டங்களே வேறு வேறு பெயர் புனைந்துகொண்டு மறுபடி மறுபடி வருவதைக் காணலாம். பெயர் மட்டும் மாறியிருந்தால் பச்சை மோசடி என்று தள்ளிவிடலாம். ஆனால் அதிலும் ஒரு கைத்திறன் இருந்தது. ஆட்டம் தொடங்குமுன், கட்டத்தின் எண்ணைக் குறித்து வைக்கும் நினைவக இடத்தில் பட்டியல் நிரலே வேறொரு எண்ணை எழுதிவிட்டு உள்ளே அனுப்பும். மரியோ நேரே ஐந்தாவது உலகத்தில் போய் நிற்பார். அது ஒரு ‘புது’ ஆட்டம். உண்மையில் உள்ளே இருந்தவை சில கேசட்டுகளில் பத்துக்கும் குறைவு. பின்புறத்துத் திருகாணியைக் கழற்றிக் கூட்டைத் திறந்து பார்த்த சிறுவர்களுக்கு இன்னொரு ஆச்சரியமும் காத்திருந்தது: அவ்வளவு பெரிய கூட்டுக்குள், அறுபது பித்தளை நிறப் பற்கள் கொண்ட ஒரு சிறு பச்சை அட்டையும், அதன் நடுவே உறைந்துபோன தார்ச் சொட்டுப் போல ஒரு கறுப்புப் பொட்டும்தான் இருக்கும். மீதியெல்லாம் காற்று.

இப்படி எண்ணிக்கையைப் பெருக்கிக் காட்டும் வித்தை நம் பக்கத்தில் இவ்வளவு தழைத்ததற்குக் காரணம் சமுத்திரத்துக்கு அப்பால் நிகழ்ந்த ஒரு பெரும் வியாபார விபத்து. அமெரிக்காவில் அட்டாரி நிறுவனத்தின் கருவிக்கு, 1980களின் தொடக்கத்தில், கேம் தயாரிக்கத் தெரிந்தவர் தெரியாதவர் எல்லோரும் கேசட் போட்டுத் தள்ளினார்கள். ஒரு திரைப்படத்தின் பெயரைப் பெருந்தொகை கொடுத்து வாங்கி, ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற ஒற்றை நிரலாளரிடம் ஐந்தே வாரம் அவகாசம் கொடுத்து 1982 கிறிஸ்துமஸுக்கு ‘ஈ.டி.’ என்ற ஆட்டத்தைக் கடையில் அடுக்கினார்கள். வாங்கியவர்கள் பலர் திருப்பிக் கொடுத்தார்கள். விற்காத சரக்கு மலையாய்க் குவிந்தது. 1983இல் அட்டாரியின் நஷ்டம் 50 கோடி டாலரைத் தாண்டியது. அவ்வாண்டு செப்டம்பரில் லாரி லாரியாகக் கேசட்டுகளைக் கொண்டுபோய் நியூ மெக்ஸிகோவின் அலமொகோர்டோ என்ற ஊர்க் குப்பைக் கிடங்கில் புதைத்து மேலே கான்கிரீட்டும் போட்டுவிட்டார்கள்.

இதைப் பார்த்துப் பாடம் கற்றது நின்டெண்டோ. அமெரிக்காவில் 1985இல் தன் கருவியை இறக்கியபோது, தான் அனுமதிக்காத கேசட் ஓடாதபடி உள்ளே ஒரு பூட்டுச் சில்லை வைத்தது. பிற நிறுவனங்களுக்கு ஆண்டுக்கு ஐந்து ஆட்டத்துக்கு மேல் வெளியிடக் கூடாதென்று நிபந்தனை விதித்தது. தர முத்திரை ஒன்றையும் கேசட் பெட்டிமேல் பொறித்தது. கொனாமியார் அல்ட்ரா என்ற இன்னொரு பெயரில் கம்பெனி தொடங்கி அந்த ஐந்தைப் பத்தாக்கிக்கொண்டார்கள் என்பது வேறு விஷயம். வியாபாரி எந்தத் தேசத்திலும் வியாபாரிதான். ஆனால் 1983 ஜூலையில் ஜப்பானில் வெளிவந்த மூலக் கருவியில் அந்தப் பூட்டு கிடையாது. நின்டெண்டோவின் கருவி ‘சமுராய்’ என்ற பெயரில் இந்தியாவுக்கு வந்ததுண்டு என்றாலும், நம் நடுத்தர வீடுகளுக்கு வந்து சேர்ந்தவை பெரும்பாலும் தைவானிலும் சீனத்திலும் வார்த்தெடுத்த நகல்கள். அவை அனைத்தும் அந்தப் பூட்டில்லாத ஜப்பானிய வம்சத்தைச் சேர்ந்தவை. தரம் பூட்டப்பட்ட கதவுக்கு அந்தப் பக்கமும், எண்ணிக்கை திறந்த கதவுக்கு இந்தப் பக்கமுமாக உலகம் பிரிந்துபோயிற்று.

அப்படியானால் காங்கேயத்துப் பிள்ளைகள் ஏமாந்தே போனார்களா என்றால், அதுதான் இல்லை. இரண்டு வாரத்துக்குள் அவர்களே அந்த 9999-இலிருந்து ஐந்தாறை மட்டும் பொறுக்கிக்கொண்டு மற்றவற்றைத் திரும்பிப் பாராமல் விட்டுவிட்டார்கள். பொறுக்கியவை எவை என்று பார்த்தால் அவர்களுடைய ரசனையை மெச்சத்தான் வேண்டும். நாம்கோ நிறுவனத்தார் செய்த ‘பேட்டில் சிட்டி’யை எடுத்துக்கொள்ளுங்கள்: செங்கல் சுவருக்குள் ஒரு கழுகுச் சின்னம், அதைக் காத்து நிற்பவை அண்ணன் ஒன்றும் தம்பி ஒன்றுமாக ஓட்டும் இரண்டு டாங்கிகள், முப்பத்தைந்து கட்டங்கள். தம்பியின் குண்டு தவறிக் கழுகின் மேலேயே பட்டு ஆட்டம் முடிந்துபோகும்போது எழுகிற சண்டை, தாயார் வந்து சுவிட்சை அணைக்கும் வரை ஓயாது. அதில் செங்கல்லையும் இரும்பையும் தண்ணீரையும் நம் இஷ்டத்துக்கு அடுக்கிப் புதுக்கட்டம் அமைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. ஆகவே அட்டையில் பொய்யாக எழுதியிருந்த பெருக்கத்தை, அந்த ஒரே ஆட்டத்துக்குள் பிள்ளைகள் மெய்யாகவே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

ஒன்றின்மேல் இப்படிக் கவனம் தங்குவதற்குப் பக்கத்திலேயே இன்னொரு உதாரணம் உண்டு. ஊருக்கு ஐந்தாறு கிலோமீட்டர் தூரத்தில் சிவன்மலை இருக்கிறது. அங்கே சுப்பிரமணிய சுவாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி என்றொரு கண்ணாடிப் பெட்டி. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை, சுவாமியிடம் பூக் கேட்டு உத்தரவு கிடைத்தபின் அதில் வைப்பார்கள். அடுத்த கனவு வந்து அடுத்த உத்தரவு கிடைக்கும் வரை அதுவே அங்கிருக்கும். மண் இருந்திருக்கிறது, தண்ணீர் இருந்திருக்கிறது, மஞ்சள் இருந்திருக்கிறது. உள்ளே எப்போதும் ஒரே பொருள்; அதன் தாத்பரியம் என்னவென்று ஊர் முழுதும் மாதக்கணக்கில் யோசிக்கும். நம்பிக்கையைப் பற்றி நான் இங்கே பேச வரவில்லை. ஒரு பொருளின் மேல் இத்தனை பேருடைய கவனம் இத்தனை நாள் தங்குகிற வேறொரு காட்சிப் பெட்டியை நான் எந்தப் பொருட்காட்சிசாலையிலும் கண்டதில்லை. சேகரம் என்பது பொருளை மட்டும் கொண்டதன்று, அதன்மேல் செலவிடும் பொழுதையும் சேர்த்துத்தான் எண்ண வேண்டும் என்பது என் அபிப்பிராயம்.

இந்த அளவுகோலைக் கொண்டு இன்றைய இளைஞருடைய கணினியைப் பார்த்தால் பரிதாபமாயிருக்கிறது. ஸ்டீம் என்ற இணையக் கடையில் 2015 முதல் ரூபாயிலேயே விலை போட்டு விற்கிறார்கள். கோடை விற்பனையில் முக்கால் பங்கு தள்ளுபடி. எபிக் என்ற மற்றொரு கடை 2018 டிசம்பர் முதல் ஆட்டங்களை இலவசமாகவே கொடுத்து வருகிறது. நானூறு ஆட்டம் வைத்திருப்பவர் நாற்பதைத் திறந்து பார்த்திருந்தால் அதிகம். மேலும் அவை அவருக்குச் சொந்தமும் அல்ல. விளையாடிக்கொள்ள அனுமதி, அவ்வளவுதான். யூபிசாஃப்ட் நிறுவனம் ‘தி க்ரூ’ என்ற கார் ஓட்டும் ஆட்டத்தின் சேவையை 2024 மார்ச் 31ஆம் தேதி நிறுத்தியபோது, காசு கொடுத்து வாங்கியவர்களின் கையில் வட்டு இருந்தும் ஆட்டம் இல்லாமல் போயிற்று. மஞ்சள் கேசட்டாவது இன்றைக்கும் ஊதிச் சொருகினால் ஓடுகிறது.

எண்ணிக்கை வேண்டாம், தரமே போதும் என்று சொல்லிவிட்டு எழுந்துபோக எனக்கும் ஆசைதான். ஆனால் தரம் என்ற சொல்லின் பேரால் நடக்கும் கூத்தையும் சொல்லாமல் விடுவது நியாயமன்று. 2021 ஜூலையில் அமெரிக்க ஏலத்தில் ‘சூப்பர் மரியோ 64’ கேசட் ஒன்று 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அந்த ஆட்டம் அபூர்வமானதா? ஒரு கோடிக்கு மேல் விற்றது. ஆனால் இந்தப் பிரதி உறை பிரிக்கப்படாதது. மதிப்பீட்டுக்காரர் அதற்குப் பத்துக்கு 9.8 மதிப்பெண் போட்டுப் பிளாஸ்டிக் பேழைக்குள் அடைத்து முத்திரையிட்டிருந்தார். விளையாடினால் மதிப்புப் போய்விடும் என்பதால் ஒருநாளும் விளையாடப்படாத விளையாட்டு அது. இதற்கு, திறந்துகூடப் பாராத நானூறே மேல் என்று தோன்றுகிறது.

எண்ணிக்கையாளர்களின் பக்கத்திலோ, நான் முதலில் நினைத்ததைவிட நியாயம் அதிகம் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்து பஃபலோவைச் சேர்ந்த மைக்கேல் தாமசன் பத்தாயிரத்துக்கு மேற்பட்ட ஆட்டங்களைச் சேர்த்துக் கின்னஸ் புத்தகத்தில் இடம்பெற்று, 2014இல் மொத்தத்தையும் ஏழரை லட்சம் டாலருக்கு விற்றார். பிறகு டெக்ஸஸின் அன்டோனியோ மொண்டெய்ரோ இருபதாயிரத்தைத் தாண்டினார். ஒரு மனிதனின் ஆயுளில் இத்தனையையும் ஆடி முடிக்க முடியாது என்பது வாஸ்தவமே. ஆனால் 2023இல் வெளியான ஆய்வு ஒன்றில், அமெரிக்காவில் 2010க்கு முன் வெளிவந்த ஆட்டங்களில் நூற்றுக்கு எண்பத்தேழு இன்றைக்குக் கடையில் கிடைக்காது என்று கண்டிருக்கிறார்கள். நல்லதை மட்டும் வைத்துக்கொள்வேன் என்று எல்லோரும் சொன்னால், எல்லோரிடமும் ஒரே நூறு ஆட்டம் இருக்கும், மற்றவை போய்விடும். அலமொகோர்டோக் குப்பையை 2014 ஏப்ரலில் தோண்டி ஏறத்தாழ 1,300 கேசட்டுகளை எடுத்தார்கள். அவற்றில் ஒரு ‘ஈ.டி.’ இப்போது வாஷிங்டனில் ஸ்மித்ஸோனியன் காட்சிசாலையின் சொத்து.

நம்முடையதையே எடுத்துக்கொள்வோம். ஹைதராபாத்தின் ஆரோனா டெக்னாலஜீஸ் செய்து, 2009இல் சோனி நிறுவனம் பிளேஸ்டேஷன் 2க்கு வெளியிட்ட ‘ஹனுமான்: பாய் வாரியர்’, முழுக்க முழுக்க இந்தியாவில் உருவாகி அந்தக் கருவிக்கு வந்த முதல் ஆட்டம். விமரிசகர்கள் அதைக் கிழித்துத் தோரணம் கட்டினார்கள். ஆடிப் பார்த்தால் அவர்கள்மேல் குறை சொல்லத் தோன்றாது. தரத்தைப் பார்த்துச் சேர்ப்பவன் எவனும் அதை அலமாரியில் வைக்கமாட்டான். நாம் வைக்காவிட்டால் டெக்ஸஸ்காரர் வைப்பாரா?

ஆகையால் விளையாடுவதற்கென்று வாங்குகிறவர் கையை இறுக்கிக்கொண்டு, மூன்று மாதத்துக்கு ஒன்று வாங்கி அதை முடித்துவிட்டு அடுத்ததற்குப் போவது உசிதம். காப்பாற்றுவதற்கென்று சேர்ப்பவர், உலகம் முழுதும் காப்பாற்றுவதை விட்டுவிட்டு, இங்கே தவிர வேறெங்கும் தேறாததைத் தேடட்டும். அந்த வரிசையில் முதல் இடம் மேற்படி மஞ்சள் கேசட்டுக்குத்தான். அதனோடு வந்த பிளாஸ்டிக் துப்பாக்கியையும் விட்டுவிடக் கூடாது. வாத்துச் சுடும் ஆட்டத்தில் விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் ஒன்று மின்னி மறையும். துப்பாக்கிக் குழலுக்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைக் கண்டுகொண்டால் வாத்து விழும். பழைய குழாய்த் திரையில் அது கண்ணிமைப்பதற்குள் நடக்கும். இன்றைய தட்டைத் திரைகள் படத்தைச் சற்றே தாமதித்துக் காட்டுவதால், எத்தனை கிட்டப் போய்ச் சுட்டாலும் வாத்து சிரித்துக்கொண்டே பறந்துவிடும். எனவே கேசட் வேண்டுமென்றால் டிவியும் வேண்டும். 2006 முதல் தமிழக அரசு வீடு வீடாக இலவசமாகக் கொடுத்த பதினான்கு அங்குலக் கலர் டிவி இதற்கு மிகப் பொருத்தமானது. மேல்நாட்டுச் சேகரிப்பாளர்கள் இந்த ரகக் குழாய் டிவிகளை இப்போது தேடித் தேடி வாங்குகிறார்கள். நம்மூரில் அவை பழைய இரும்புக்காரரின் தள்ளுவண்டியில் எடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. பரணில் இன்னும் ஒன்று மிச்சமிருக்குமானால், வண்டிக்காரரைக் கூப்பிடுமுன் ஒருமுறை சுவிட்சைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

(தொடரும்)