உப்பு ஏறும் ஆறு

மார்சிலிங் பக்கம் இருந்துகொண்டு ஜோகூருக்குப் போய்வருகிறவர்களுக்குக் கடற்பாலத்தின் ஓரமாகக் கிடக்கும் பருத்த குழாய்கள் பார்த்துச் சலித்தவை. 1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி ஜோகூர் ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி கேலன் வரை தண்ணீரைச் சிங்கப்பூர் எடுத்துக்கொள்ளலாம். 2061 வரை.

அந்த ஆற்றில் சொட்டுப் பனிகூட இல்லை, முழுக்க மழைநீர். பனியாறு கரைவது சிந்து நதியை நம்பி உழுகிறவருக்கு நேரடிக் கவலை. முதலில் ஆற்றில் தண்ணீர் கூடும். பனி சிறுத்தபிறகு கோடையில் குறையும். இந்துகுஷ் இமயமலைப் பனி 2011க்குப் பின் முந்தைய பத்தாண்டைவிட 65 விழுக்காடு வேகமாகக் கரைந்தது என்கிறது காட்மாண்டுவின் பன்னாட்டு மலை மேம்பாட்டு மையம்.

நமக்கென்ன வந்தது? கரைந்த பனி கடலில்தானே சேருகிறது. 2000 முதல் 2023 வரை உலகின் பனியாறுகள் ஆண்டுக்குச் சராசரியாக 27,300 கோடி டன் பனியை இழந்தன. அதனால் மட்டும் கடல் 18 மில்லிமீட்டர் உயர்ந்தது, சுண்டுவிரல் அகலத்துக்குச் சற்று அதிகம். கிரீன்லாந்து, அண்டார்க்டிகா கணக்கு தனி. கரிம வெளியீடு குறையாவிட்டால், நூற்றாண்டின் இறுதிக்குள் சிங்கப்பூரைச் சுற்றியுள்ள கடல்மட்டம் 1.15 மீட்டர் வரை உயரலாம் என்று 2024இல் வெளியான தேசியப் பருவநிலை ஆய்வு கணித்திருக்கிறது.

கடல் பெருகும்போது உப்புநீர் ஆற்றுக்குள் ஏறும். நன்னீரைவிடக் கனமானது என்பதால் மேலே தலைகாட்டாமல் படுகையை ஒட்டியே ஊர்ந்து வரும். உப்பு மிஞ்சினால் கோத்தா திங்கி நீர்நிலையத்தில் தண்ணீர் எடுப்பதை நிறுத்தவேண்டியதுதான். அந்த உப்புநீரைக் கீழே தள்ளத்தான் ஆற்றின் மேற்பகுதியில் லிங்கியு நீர்த்தேக்கம் இருக்கிறது. அங்கிருந்து நன்னீரைத் திறந்துவிட்டு உப்பைக் கடல் பக்கம் விரட்டுகிறார்கள். 2016 அக்டோபரில் அந்தத் தேக்கத்தில் 20 விழுக்காட்டுத் தண்ணீரே மிஞ்சியது. அதற்குப் பனியாற்றின் மேல் பழிபோட முடியாது, மழை பொய்த்த காலம் அது. ஆனால் கடல் உயர உயர அதே உப்பை விரட்ட இன்னும் அதிக நன்னீர் செலவாகும். ஆயிரம் கேலனுக்கு 3 சென் என்ற பழைய விலையைப் பற்றி இரு கரையிலும் பேசித் தீர்த்த அளவுக்கு இந்த உப்பைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

உள்ளூரிலும் இதே கதைதான். மார்சிலிங்கை அடுத்த கிராஞ்சி நீர்த்தேக்கம், கடலோரக் கழிமுகத்தை மறித்துக் கட்டியது. அதே வகையான மரினா அணைக்கட்டில் கனமழை நாளில் கடல் வடிந்திருந்தால் மதகைத் திறந்தாலே போதும். பெருகியிருந்தால் 7 ராட்சத பம்புகள் ஓடவேண்டும். கடல்மட்டம் கூடினால் மதகு திறக்கும் நேரம் சுருங்கும், பம்புகளின் வேலை கூடும்.

கழிவுநீரைச் சுத்திகரித்துப் பெறும் புதுநீரும் கடல்நீர்ச் சுத்திகரிப்பும் கைகொடுக்கும்தான். ஆனால் ஒரு கனமீட்டர் கடல்நீரைக் குடிநீராக்கச் சுமார் 3.5 யூனிட் மின்சாரம் வேண்டும். சிங்கப்பூரின் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு இயற்கை எரிவாயுவை எரித்துத்தான் வருகிறது.