செல்லாக்காசுக்கு வந்த மவுசு

திராட்சை விற்ற காசை வாயில் அடக்கிக்கொண்டு மாவு வாங்கப் போகிறான் ஒருவன். சாக்கை நீட்டும் நேரத்தில் தண்டோரா முழங்குகிறது: இனி செம்பு செல்லாது, வெள்ளி மட்டும்தான்!

கி.மு. 392 வாக்கில் அரிஸ்டோபனீஸ் ஏதென்ஸில் மேடையேற்றிய நாடகத்தில் வரும் காட்சி இது. சிரிக்க வைக்க எழுதியதுதான். பின்னணி மட்டும் நிஜம். பெலொப்பொனீசியப் போரின் கடைசி ஆண்டுகளில் லாரியம் வெள்ளிச் சுரங்கம் முடங்கியது. செம்பின்மேல் வெள்ளி பூசிய காசை அரசு வெளியிட்டது. நிலைமை சீரானதும் கைவிட்டுவிட்டது. நட்டம், கையில் வைத்திருந்தவனுக்கு.

வாய்தான் அன்றைய பணப்பை. ஓர் ஓபல் வெள்ளிக் காசின் எடை 0.7 கிராம் சொச்சம்; கால் ஓபல் மீன்செதில் அளவுதான். விரலிடுக்கில் நழுவினால் சந்தைப் புழுதியில் தேட முடியாது. சிசிலியின் கிரேக்க நகரங்கள் இதற்கு வழியாக கி.மு. 5ஆம் நூற்றாண்டிலேயே வெண்கலத்துக்கு மாறின. கருங்கடல் கரை ஒல்பியாவில் டால்பின் வடிவிலேயே காசு வார்த்தார்கள். ஏதென்ஸ் அடம்பிடித்து, அடுத்த நூற்றாண்டின் நடுவில்தான் வெண்கலக் காசை ஒழுங்காக அடிக்கத் தொடங்கியது. கால்குஸ் என்ற அந்த வெண்கலக் காசு எட்டு சேர்ந்தால் ஓர் ஓபல்.

காசு சேர்ப்பவர்களும் நெடுங்காலம் அந்த ஏதென்ஸ்காரர்கள் மாதிரிதான். ஆந்தை பொறித்த வெள்ளிக்கு அடிதடி. தேய்ந்த வெண்கலத்தை யாரும் சீண்டுவதில்லை. விதிவிலக்குகளும் உண்டு. சுவிட்சர்லாந்தின் இம்ஹூஃப்-புளூமர் சிறு நகரங்களின் வெண்கலத்தையும் விடாமல் சேர்த்தார். 1900இல் அவருடைய சேகரிப்பு பெர்லின் அருங்காட்சியகத்துக்குப் போனது.

இன்று நிலைமை தலைகீழ். சுமாரான கிரேக்க வெண்கலக் காசைச் சம்பளக்காரரும் வாங்கலாம். அதன் அழகே களிம்புதான். பச்சையோ பழுப்போ, சீராகப் படிந்த களிம்புக்குத் தனி விலை. குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்தால் விலை போயிற்று. வெளிர்பச்சைப் பொடி உதிர்ந்தால் மட்டும் பயப்பட வேண்டும். அது உப்பும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும் நோய். காசை உலர்வாக வைப்பதே முதல் வைத்தியம்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. வெள்ளி கடல் தாண்டி ஓடும். வெண்கலச் சில்லறை பெரும்பாலும் பிறந்த ஊரைச் சுற்றியே புழங்கும். அதனால்தான் அது எந்த மண்ணில், எந்த அடுக்கில் கிடந்தது என்பது ஆய்வாளருக்குப் பொன். ஏதென்ஸின் பழைய சந்தைவெளியில் 1931இல் தொடங்கிய அகழாய்வில், காசு கிடந்த இடத்தைக் குறித்துக்கொண்டார்கள். உலோகங்காட்டியோடு இரவில் தோண்டுபவன் காசைத்தான் எடுக்கிறான்; இடத்தை அழித்துவிடுகிறான்.

சட்டமும் இறுகிவிட்டது. கிரேக்கத்தின் குறிப்பிட்ட வகைப் பழங்காசுகளை அமெரிக்காவுக்குக் கொண்டுவர 2011 முதல் கட்டுப்பாடு. முன்பு ‘அசலா?’ என்று மட்டும் கேட்டவர்கள் இப்போது ‘யாரிடம் இருந்தது, எப்போதிலிருந்து?’ என்றும் கேட்கிறார்கள். காசோடு வரும் பழைய காகித உறையை, அதில் மங்கிய மையில் யாரோ எழுதிய ஊர்ப்பெயரை, இன்று யாரும் கிழித்துப் போடுவதில்லை.

நம் கரூரிலும் அமராவதி மணல் கிரேக்கக் காசுகளைத் தந்திருக்கிறது. அவற்றை ஆராய்ந்து இரா. கிருஷ்ணமூர்த்தி 2000இல் நூலாக வெளியிட்டார். ஊர் தெரியும், ஆறு தெரியும். ஆறு புரட்டிப்போட்ட மணலில் அடுக்கை எங்கே போய்த் தேடுவது?