கல்விக் கூடமும் கதிரொளியும்

வகுப்பறையில் ஒரு காட்சியை நீங்கள் கண்டிருப்பீர்கள். ஆசிரியர் கரும்பலகையில் ஒரு கணக்கை எழுதுகின்றார். நடுவில் அமர்ந்தோர் அதனைப் பார்த்து எழுதிக் கொள்கின்றனர். ஓரத்தில் அமர்ந்த மாணவனோ கழுத்தை வளைத்து வளைத்துப் பார்க்கின்றான். சாளரத்தின் வழியே வந்த வெயில் பலகையின்மேற் பட்டுப் பளபளக்க, எழுத்துகள் அவன் கண்ணுக்கு மறைந்து போகின்றன. அவ்வறையில் ஒளிக்குக் குறைவில்லை. ஒளியின் மிகுதியே அங்குக் குறை. இருளைப் போலவே கூசும் ஒளியும் கண்ணுக்குப் பகையாகும். ஆதலின், கல்விக் கூடம் அமைப்போர் ஒளியை வரவேற்றால் மட்டும் போதாது; வந்த ஒளியை நெறிப்படுத்தவும் வேண்டும்.

இதற்கு முதலில் அறிய வேண்டுவது கதிரவன் செல்லும் வழி. சென்னையும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 13 பாகையில் உள்ளன. ஆகவே, நண்பகலில் கதிரவன் வானில் உயர்ந்தே நிற்பான். ஏப்பிரல் மாத இறுதியிலும் ஆகஸ்டு மாத மூன்றாம் வாரத்திலும் நேர் உச்சிக்கே வந்துவிடுவான். உயரத்திலிருந்து விழும் வெயிலைத் தடுக்க ஒரு தாழ்வாரமே போதும். காலை வெயிலும் மாலை வெயிலுமோ தாழ்ந்து வந்து, தாழ்வாரத்தின் அடியில் நுழைந்து, அறையின் உள்வரை பாயும். எனவே, நீண்ட சுவர்கள் வடக்கையும் தெற்கையும் நோக்குமாறு அமைத்து, கிழக்கிலும் மேற்கிலும் சாளரங்களைக் குறைப்பது நம் நாட்டிற்கு ஏற்ற முறையாகும்.

ஒளியை அடக்கியாண்ட பழைய கட்டடம் ஒன்று நம் தலைநகரிலேயே உள்ளது. சென்னைப் பல்கலைக்கழகம் 1857ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. அதற்கென எழுந்த செனட் மாளிகை, வங்கக் கடலை நோக்கி இன்றும் நிமிர்ந்து நிற்கின்றது. இராபர்ட் சிசோம் என்னும் கட்டடக் கலைஞர் வகுத்த திட்டப்படி 1874இல் தொடங்கி 1879இல் அது கட்டி முடிக்கப்பெற்றது. மின்விளக்குப் பரவாத காலம் அது. அப்பெருங்கூடத்திற் கூடிய அறிஞர்க்குப் பகலெல்லாம் கதிரவனே விளக்கு. ஆயினும், அவர்கள் வெயிலில் வாடவில்லை. தூண்கள் தாங்கிய தாழ்வாரங்கள் வெயிலை வெளியிலேயே தடுத்தன. சாளரங்களிற் பதித்த வண்ணக் கண்ணாடிகள் ஒளியை மென்மையாக்கி உள்ளே விடுத்தன. காலத்தாற் பழுதுற்ற இம்மாளிகை, பல்கலைக்கழகத்தின் 150ஆம் ஆண்டினை ஒட்டிப் புதுப்பிக்கப்பெற்றது.

வண்ணக் கண்ணாடி விழாக் கூடத்திற்கு அழகு தரும். நாள்தோறும் பயிலும் அறைக்கோ வெள்ளொளியே வேண்டும். ஓவியம் தீட்டுவோனும் வேதியியல் ஆய்வு செய்வோனும் நிறங்களைப் பிறழாது காண வேண்டும் அன்றோ? அங்கே உதவுவது வேலைப்பாடு பதிந்த கண்ணாடி. குளியலறைச் சாளரங்களில் இதனை நீங்கள் பார்த்திருக்கலாம்.

மணல், சோடா உப்பு, சுண்ணாம்புக்கல் முதலியவற்றை ஏறத்தாழ 1,500 பாகை செல்சியஸ் வெப்பத்தில் உருக்கினால் கண்ணாடிக் குழம்பு உண்டாகும். அதனை உருகிய வெள்ளீயத்தின்மேல் மிதக்கவிட்டால் வழவழப்பான தட்டைக் கண்ணாடி கிடைக்கும். இரண்டு உருளைகளுக்கு இடையே செலுத்தினாலோ, உருளையிற் செதுக்கிய பூவும் கோடும் அக்குழம்பிற் பதிந்துவிடும். மேடும் பள்ளமுமான அப்பரப்பில் ஒளிக்கதிர்கள் பல திசைகளில் வளைந்து செல்கின்றன. அசையாத குளத்தில் முழுநிலா ஒன்றாய்த் தோன்றும்; காற்று வீசினால் நூறு துண்டுகளாய்ச் சிதறும். அதுபோல், ஓரிடத்தில் விழுந்து கண்ணைக் கூசச் செய்யும் வெயில், அறை முழுவதற்கும் பகிர்ந்தளிக்கப்படுகின்றது.

கண்ணாடித் தொழில் நமக்கு அயலானது அன்று. ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் நிறுவனத்தின் ஆலை 2000ஆம் ஆண்டு முதல் தட்டைக் கண்ணாடி செய்து வருகின்றது. அதனை அடுத்த வல்லம் வடகாலில் சிப்காட் தொழிற்பூங்கா அமைந்துள்ளது. அவ்வூரில் நாளை ஒரு பல்கலைக்கழகக் கட்டடம் எழுவதாக எண்ணிக் கொள்வோம். அதனை எவ்வாறு அமைக்கலாம்?

படிப்பறைகள் வடக்கு நோக்கி அமையட்டும். தெற்கே அகன்ற தாழ்வாரம் இருக்கட்டும். மேற்கே மாடிப்படியும் பொருள் வைக்கும் அறைகளும் நின்று மாலை வெயிலைத் தாங்கட்டும். சாளரத்தின் கீழ்ப்பகுதி, காற்று வரவும் வெளியே மரங்களைக் காணவும் திறக்கும் கதவாகட்டும். மேற்பகுதியில் வேலைப்பாடு பதிந்த கண்ணாடி இருந்தால், ஒளி வெள்ளையடித்த கூரையிற் பட்டுக் கடைசி இருக்கை வரை செல்லும்.

இங்கே ஓர் எச்சரிக்கை வேண்டும். வேலைப்பாடு கண்ணின் கூச்சத்தைத் தணிக்குமே அன்றி வெப்பத்தைத் தடுக்காது. கண்ணாடி கதிரொளியை எளிதில் உள்ளே விடும். உள்ளே சூடேறிய பொருள்கள் உமிழும் வெப்பத்தையோ எளிதில் வெளியே விடாது. இதனை மறந்து, நாற்புறமும் கண்ணாடிச் சுவர் எழுப்புவோர் உளர். வெப்பம் தாங்காது குளிர்பொறியை ஓட்டுகின்றனர். கூச்சம் தாங்காது திரையை இழுக்கின்றனர். திரையால் இருளவே, நடுப்பகலில் மின்விளக்கை ஏற்றுகின்றனர். ஒளிக்காகக் கட்டிய கட்டடத்தில் ஒளிக்கே விலை கொடுக்கும் நிலை வந்துவிடுகின்றது.

முதலில் நிழல், பின்னர்ச் சாளரம், அதன் பின்னரே கண்ணாடி. இவ்வரிசை பிறழாத கூடத்தில் கதிரவன் பகைவனாகான். கூலி கேளாத விளக்காவான். அங்கே ஓரத்தில் அமர்ந்த மாணவனும் கழுத்தை வளைக்காமல் கரும்பலகையைப் படிப்பான்.