வீடு மாறும் மென்பொருள்



ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்திற்குக் குடிபெயரும் குடும்பத்தை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். லாரி வந்து நிற்கும். பாய், அம்மி, பானை சட்டி, சாமி படம் எல்லாம் ஏறும். ஆனால் வீடு நிர்வாகத்தினுடையது. அதை ஏற்ற முடியாது. பக்கத்து வீட்டில் இரவல் வாங்கிய ஏணியையும் திருப்பிக் கொடுத்துவிட்டுத்தான் புறப்பட வேண்டும். புது வீட்டிலோ அடுப்படி வேறு பக்கம், வாசல் வேறு பக்கம். கணினியில் ஓடும் பெரிய மென்பொருள்களுக்கும் இதே பாடுதான்.

இந்தக் கேமரன் மலையில் நமக்கு இது எதற்கு என்று கேட்கலாம். எங்கள் பள்ளிக்குப் பழைய கணினிகள் சில நன்கொடையாக வந்தன. யாரோ கொண்டு வந்த, உரிமம் இல்லாத எழுத்து மென்பொருள் ஒன்றை அவற்றில் ஏற்றினோம். அதோடு வைரஸும் ஏறியது. ஒரு மாணவி மூன்று வாரம் தட்டச்சுச் செய்த கட்டுரை அழிந்தது. தவறு எங்களுடையது. விலைக்கு வாங்கவும் வசதி இல்லை. அப்போதுதான் இந்த விஷயத்தை நாங்கள் படித்துத் தெரிந்துகொண்டோம்.

கணினியின் உறுப்புகளை எல்லாம் மேய்க்கும் அடிப்படை மென்பொருளுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், லினக்ஸ், மேக் என்று பல உண்டு. மற்ற மென்பொருள்கள் அதன் வீட்டில் குடியிருப்பவை. வீட்டுக்கு வீடு வழக்கம் மாறும். கோப்பு இருக்கும் இடத்தை எழுத விண்டோஸ் ஒரு பக்கம் சாய்ந்த கோடு போடும். லினக்ஸ் எதிர்ப்பக்கம் சாய்ந்த கோடு போடும். ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் லினக்ஸ் வேறு வேறாகப் பார்க்கும். விண்டோஸ் பொதுவாக ஒன்றாகவே கொள்ளும். திரையில் சன்னல் வரைவதும், தாளில் அச்சிடுவதும் வேறு வேறு முறை.

1985-ஆம் ஆண்டு ஜெர்மனியில் மார்க்கோ போரீஸ் என்ற பள்ளி வயது இளைஞர் ஒரு நிறுவனம் தொடங்கினார். அது உருவாக்கிய எழுத்து மென்பொருள், பின்னர் ஸ்டார் ஆபிஸ் என்னும் பெரிய தொகுப்பாக வளர்ந்து, விண்டோஸ், சொலாரிஸ், லினக்ஸ் என்று பல வீடுகளில் குடியேறியது. எப்படி? நடுவில் ஒரு தனி அடுக்கை வைத்தார்கள். "சன்னல் வரை" என்று மென்பொருள் அந்த அடுக்கிடம் மட்டும் சொல்லும். அந்தந்த இயங்குதளத்தின் வழக்கப்படி அதை நிறைவேற்றுவது அடுக்கின் வேலை. வீடு மாறினால் அடுக்கை மட்டும் பெரும்பாலும் திருத்தினால் போதும். ஆனாலும் வேலை எளிதல்ல. மேக் கணினியில் இரவல் சன்னல் ஏற்பாடு இல்லாமல் சொந்தமாக இயங்க 2008-ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி இரவல் ஏணிக்கு வருவோம். எந்தப் பெரிய மென்பொருளும் முழுக்க முழுக்க ஒருவர் எழுதியதல்ல. பிறர் முன்பே எழுதி வைத்த பாகங்களைச் சேர்த்துக்கொள்வார்கள். இந்தப் பாகத் தொகுப்பை லைப்ரரி என்பார்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் உரிமம் உண்டு. சிலவற்றில், எழுதியவர் பெயரை எடுக்காமல் வைத்தால் போதும். எல்.ஜி.பி.எல். என்ற உரிமத்தில், அந்தப் பாகத்தைத் திருத்தி வெளியிட்டால் திருத்தத்தையும் அதே விதிப்படி திறந்து வைக்க வேண்டும். ஜி.பி.எல். உரிமத்தில், அதோடு கலந்து வெளியிடும் முழு மென்பொருளுக்கும் அந்த விதி வரும். வேறு சில, பணம் கட்டியவர்க்கு மட்டும். பிறர்க்குக் கைமாற்ற முடியாது.

1999-இல் சன் நிறுவனம் ஸ்டார் ஆபிஸை வாங்கியது. 2000 அக்டோபரில் அதன் மூல நிரலை ஓப்பன் ஆபிஸ் என்ற பெயரில் உலகுக்குத் திறந்துவிட்டது. ஆனால் எழுத்துப்பிழை திருத்தும் பாகம் வேறொருவருடைய சொத்து. அதைக் கழற்றிவிட்டுத்தான் திறக்க முடிந்தது. பிறகு கெவின் ஹென்ட்ரிக்ஸ் என்பவர் புதிய பாகம் எழுதினார். அதன் அடிப்படையில் ஹங்கேரிக்காரரான லாஸ்லோ நேமெத் ஹன்ஸ்பெல் என்பதை உருவாக்கினார். ஹங்கேரிய மொழியிலும் நம் தமிழைப் போலச் சொல்லின் பின்னால் விகுதிகள் அடுக்கடுக்காக ஒட்டும்.

2010 சனவரியில் சன் நிறுவனமே ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. எதிர்காலம் என்னாகுமோ என்று தன்னார்வலர்கள் கவலைப்பட்டார்கள். அவ்வாண்டு செப்டம்பர் 28-இல் தனியாகப் பிரிந்தார்கள். பெயர் உரிமையாளருடையது, அதை விட்டுவிட வேண்டியதாயிற்று. ஆனால் நிரல் திறந்த உரிமத்தில் இருந்ததால் அதைச் சட்டப்படியே எடுத்துச் சென்றார்கள். புதுப் பெயர் லிப்ரே ஆபிஸ். வீட்டுக்காரர் மாறினாலும் பாத்திரம் பண்டம் கைவிட்டுப் போகவில்லை. நிர்வாகத்தின் வீட்டில் ஆயுள் முழுதும் இருந்து, வேலை முடிந்ததும் சாவியைத் திருப்பிக் கொடுத்தவர்களுக்கு இதன் அருமையை நாம் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

இன்று அது விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் இலவசமாக ஓடுகிறது. தமிழிலும் தட்டச்சுச் செய்யலாம். எங்கள் பள்ளிக் கணினிகளிலும் இப்போது அதுவே இருக்கிறது, களவுமில்லை, கடனுமில்லை.

பெற்றோர்களே, பிள்ளைகள் ஒரு மென்பொருளை ஏற்றும்போது மூன்று கேள்வி கேளுங்கள். இது யாருடையது? நாம் பயன்படுத்த அனுமதி உண்டா? பிறருக்குக் கொடுக்கலாமா? மாணவச் செல்வங்களே, நாளை நீங்களே நிரல் எழுதும்போது, யாரிடம் எந்தப் பாகத்தை என்ன நிபந்தனையில் எடுத்தோம் என்று முதல் நாளே ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். லாரி வந்து நிற்கும்போது, எது நம்முடையது என்று தேடவேண்டியிராது.