நீதி கேட்பதற்கு முன் ஐந்து நிமிடம்

‘இக்கதை உணர்த்தும் நீதி யாது?’ என்று கரும்பலகையில் எழுதியதும் வகுப்பில் பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள். மீதிப் பேர் ‘ஆணவம் அழிவைத் தரும்’ என்று எழுதுகிறார்கள். கதையைக் கேட்காத பிள்ளையும் எழுதிவிடக்கூடிய விடை அது. அந்த வினாவை ஐந்து நிமிடம் தள்ளிப்போட்டால் என்ன கிடைக்கிறது என்பதை, எட்டாம் வகுப்பில் நான் சொன்ன ஒரு கதையைக் கொண்டு விளக்குகிறேன்.

கர்நாடகத்தில் வழங்கும் ஜகணாச்சாரி கதை அது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனன் பேலூரில் கோயில் எடுக்கிறான். தலைமைச் சிற்பி ஜகணாச்சாரி, வீட்டை விட்டு வந்து பல ஆண்டுகள் ஆனவர். முன்பின் தெரியாத இளைஞன் ஒருவன் வந்து, வடித்து முடித்த மூலவர் சிலையில் குறை இருக்கிறது என்கிறான். குறையைக் காட்டினால் என் வலக்கையை வெட்டிக்கொள்கிறேன் என்கிறார் சிற்பி. சிலை முழுக்கச் சந்தனம் பூசுகிறார்கள். எல்லா இடமும் காய்ந்தபின்னும் தொப்புள் மட்டும் ஈரமாகவே இருக்கிறது. அங்கே உளி பட்டதும் தண்ணீரும் மணலும் ஒரு தேரையும் வெளிவருகின்றன. சிற்பி சொன்னபடி கையை வெட்டிக்கொள்கிறார். அதன்பிறகே அந்த இளைஞன் தன் மகன் டங்கணன் என்று தெரிகிறது. சொந்த ஊரில் கேசவனுக்குக் கோயில் கட்டியதும் போன கை திரும்ப வருகிறது. தும்கூரு அருகிலுள்ள கைதாளா என்ற ஊரின் பெயருக்கு இதையே காரணமாகச் சொல்கிறார்கள்.

கதை முடிந்ததும் நான் எதையும் கேட்கவில்லை. “மனசுல பட்டதை ரெண்டு வரி எழுதுங்க. பிழை பார்க்க மாட்டேன்” என்றேன். ஐந்து நிமிடம் கழித்து எழுதியதைப் பக்கத்தில் இருப்பவரிடம் படித்துக்காட்டச் சொன்னேன்.

‘ராஜா ஏன் சும்மா நின்னார்?’ என்பதைத்தான் நிறையப் பேர் எழுதியிருந்தார்கள். ‘திரும்பி வந்த கையில பழைய வேலை வருமா?’ என்றான் ஒருவன். ‘பையனை வளர்த்த அம்மா கதையில எங்க போனாங்க?’ என்று ஒரு மாணவி கேட்டிருந்தாள். நான் சொன்ன விதத்தில் அம்மாவுக்கு ஒரு வரிகூட இல்லைதான்.

தமிழ்ப் பாடவேளையில் வாயே திறக்காத ஒரு மாணவியின் தாளில் இப்படி இருந்தது: ‘கல்லைத் தட்டினாலே சத்தத்துல தெரிஞ்சிடும். அவ்ளோ பெரிய ஆசாரி தட்டாமலா செஞ்சார்?’ அவள் அப்பா கிரானைட் பட்டறையில் வேலை செய்கிறார். ஸ்தபதிகளும் ஒலியைக் கேட்டுத்தான் ஆண் கல், பெண் கல் என்று பிரித்துக் கல்லைத் தேர்கிறார்கள். எழுந்து சொல்லச் சொன்னதும், விரிசல் விட்ட கல் எப்படிச் சத்தம் போடும் என்று பெஞ்சைத் தட்டித் தட்டி விளக்கினாள். மணி அடித்த பிறகும் அவளைச் சுற்றிக் கூட்டம் நின்றது. நீதி என்ன என்று கேட்டிருந்தால் இந்த அறிவு வகுப்புக்குள் வந்திருக்காது.

அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் 1938இல் வெளியிட்ட நூலிலேயே இதைப் பேசியிருக்கிறார். கதையின் பொருள் தாளில் மட்டும் இல்லை, வாசிப்பவர் கொண்டுவரும் அனுபவமும் சேர்ந்தே அது உருவாகிறது என்பது அவர் கருத்து. இதைக் கேட்டதும், ‘அப்படியானால் எதைச் சொன்னாலும் சரியா?’ என்ற கேள்வி நமக்கு எழும். சரியில்லை என்பதே அவருடைய பதிலும். வாசகர் சொல்வதைப் பிரதி தாங்க வேண்டும். என் வகுப்பில் ஒருவன், “ராஜாதான் வெட்டச் சொன்னார்” என்றான். “கதையில எந்த இடத்துல?” என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “சொல்லல டீச்சர். ஆனா தடுக்கல. ராஜா தடுக்கலன்னா அது சொன்ன மாதிரிதான்” என்றான். ஆசிரியர் கைவசம் வைத்துக்கொள்ள வேண்டிய கேள்வி இந்த ஒன்றுதான் என்பது என் எண்ணம்.

தேரை கல்லுக்குள் உயிரோடு இருக்குமா என்ற கேள்வியை அறிவியல் ஆசிரியரிடம் அனுப்பினேன். இங்கிலாந்தில் வில்லியம் பக்லாண்ட் என்ற புவியியலாளர் 1825இல் தேரைகளைக் கல் அறைகளில் அடைத்து மண்ணில் புதைத்து வைத்தார். ஓராண்டு கழித்துத் திறந்தபோது, நுண்துளை உள்ள சுண்ணாம்புக்கல்லில் இருந்தவற்றில் சில மட்டுமே பிழைத்திருந்தன. இரண்டாம் ஆண்டுக்குள் அவையும் இறந்துவிட்டன.

வரலாற்றுக்கு அடுத்த பாடவேளை போயிற்று. பேலூர்க் கோயில் 1117இல் எழுப்பப்பட்டது. ஜகணாச்சாரி உண்மையில் வாழ்ந்தவரா என்பதில் ஆய்வாளர்களிடையே ஒத்த கருத்து இல்லை. ஆனால் ஹொய்சளச் சிற்பிகள் பலர் தாங்கள் செதுக்கிய சிலைகளின் அடியிலேயே பெயரைப் பொறித்திருக்கிறார்கள். பேலூரின் மதனிகைச் சிற்பங்களில் அப்படிக் கிடைக்கும் பெயர்களில் இரண்டு, பள்ளிகாவியைச் சேர்ந்த தாசோஜனும் அவர் மகன் சாவணனும். கதையில் வருவது போலவே, ஒரே கோயிலில் வேலை செய்த ஓர் அப்பாவும் மகனும். இதைச் சொன்னபோது வகுப்பு அமைதியானது. பிறகு, “சாவணன் அப்பா வேலையில குறை சொல்லியிருப்பானா டீச்சர்?” என்று ஒரு குரல் கேட்டது.

அதையே எழுத்துப்பணியாகக் கொடுத்தேன். வளரறி மதிப்பீட்டுச் செயல்பாடாகவும் இதைச் சேர்த்துக்கொள்ளலாம். ஒரு கதைக்கு இரண்டு பாடவேளை ஆகிவிடுகிறது என்பது உண்மைதான். மாதம் ஒரு கதை என்றால் பாடத்திட்டம் தாங்கும். கிரானைட் பட்டறைக்காரர் மகள் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். அதில் சாவணன் வாயால் குறை சொல்லவில்லை. அப்பா செதுக்கத் தொடங்கும் முன்பே கல்லை ஒருமுறை தட்டிப் பார்க்கிறான்.