கழுவின தண்ணியில ஒரு வில்லன்!

ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை ஏரியா பசங்களுக்கு குளூட்டரால்டிஹைடு பழைய தோஸ்த். குரோமியம் இல்லாம தோல் பதனிட உதவுற கெமிக்கல். தோலில் இருக்கிற புரதங்களை ஒண்ணோடொண்ணு கட்டிப்போட்டு அழுகாம காப்பாத்தும். இதே ஆசாமிக்கு ஆபரேஷன் தியேட்டரிலும் வேலை உண்டு, தெரியுமா? சூடு தாங்காத லேப்ராஸ்கோப்பி கருவிகளை இதில்தான் ஊறவைப்பாங்க. வித்தை அதேதான்... இந்த முறை கட்டிப்போடுறது கிருமியோட புரதத்தை.

சரி, வில்லன் எங்கே? ஊறவைத்த கருவியை அப்படியே உடம்புக்குள்ளே விட முடியாது. கெமிக்கல் எரிச்சல் தரும். நல்லா அலசணும். அலசுற தண்ணியே சுத்தமில்லைன்னா?

பெங்களூர் மருத்துவமனை ஒன்றில் இதுதான் நடந்தது. ஆறே வாரத்தில் லேப்ராஸ்கோப்பி செய்துகொண்ட 35 பேருக்கு மொத்தம் 145 ஓட்டைகளில் தொற்று! கடைசியில் மாட்டியது கருவிகளை அலசின தண்ணீர்தான் என்று 2006-ல் வெளியான ஆய்வுக் கட்டுரை சொல்கிறது. கிருமியின் பெயர் மைக்கோபாக்டீரியம் கெலோனே. டி.பி. கிருமிக்கு ஒண்ணுவிட்ட தம்பி. ஆனா வழக்கமான டி.பி. மாத்திரைக்கு அசராது.

ஹெர்னியா கேஸில் இது டபுள் தலைவலி. குடல் துருத்தும் இடத்தை உள்ளிருந்து பாலிப்ரொப்பிலீன் வலை வைத்து அடைக்கிறார்கள். பெரும்பாலானவர்கள் பிரச்னையே இல்லாமல் வேலைக்குத் திரும்பிவிடுகிறார்கள். ஆனால், வலையில் கிருமி ஒட்டிவிட்டால் தன்மேல் பாசி மாதிரி ஒரு போர்வையைப் போர்த்திக்கொள்ளும். மருந்து உள்ளே போகாது. கிளாரித்ரோமைசின், அமிகாசின் என்று மாதக்கணக்கில் இழுக்கும். சீழை வடித்தே வலையைக் காப்பாற்றிவிடுவதும் உண்டு. முடியாவிட்டால் வலையையே எடுக்கணும். எடுத்தா ஹெர்னியா திரும்பவும் எட்டிப்பார்க்கலாம்!

வீட்டில் அப்பாவோ மாமாவோ இந்த ஆபரேஷன் செய்திருந்தால் ஒரு மாசத்துக்கு அப்புறமும் தழும்புமேல ஒரு கண் வைங்க. தையல் ஆறி, மூணு நாலு வாரம் கழிச்சு அங்கே முடிச்சு மாதிரி வீங்கி லேசா கசிஞ்சா, 'ஷிஃப்ட் போயிடும்'னு மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கிட்டு கிளம்பிடுவாங்க. விடாதீங்க. ஆபரேஷன் செய்த டாக்டரிடமே கூட்டிப்போங்க. 'சீழை மைக்கோபாக்டீரியா கல்ச்சருக்கும் அனுப்பணுமா டாக்டர்?'னு கேளுங்க. சாதாரண கல்ச்சரை ரெண்டு நாளில் 'கிருமி இல்லை'ன்னு மூடிடலாம். இந்தத் தம்பி வளர ஒரு வாரம் வரை ஆகும். முடிஞ்சவரை ஆன்டிபயாடிக் ஆரம்பிக்கும் முன்னாடியே சீழ் எடுத்துடணும். இல்லேன்னா ரிசல்ட்டே குழம்பிடும்.