வால்ட்ஸ் நடனம் பிறந்த கதை

ஆடற்கலை இல்லாத நாடு உலகில் இல்லை எனலாம். மேலை நாடுகளில் ஆணும் பெண்ணும் இணைந்து ஆடும் நடனங்களுள் புகழ்மிக்கது வால்ட்ஸ். அரண்மனைகளில் சிறப்புற்ற இந்நடனம் அரண்மனையில் பிறந்ததன்று. உழவர்களின் சிற்றூர்களிலே பிறந்ததாகும்.

ஆஸ்திரியாவிலும் தென் ஜெர்மனியிலும் வாழ்ந்த உழவர்கள், விழா நாட்களில் இணை இணையாகச் சுழன்று ஆடி மகிழ்ந்தனர். அவ்வாட்டங்களுள் ஒன்று லெண்ட்லர். கனத்த காலணிகளுடன் துள்ளியும் தரையை மிதித்தும் ஆடுவது அது. 18ஆம் நூற்றாண்டில் இச்சுழலாட்டம் வியன்னா நகரின் கூடங்களை அடைந்தது. அங்கு வழவழப்பான தளமும் மெல்லிய காலணியும் வாய்த்தமையால், துள்ளல் குறைந்து வழுக்கிச் செல்லும் நடை தோன்றிற்று. சுழலுதல் எனப் பொருள்படும் ஜெர்மானியச் சொல்லே இதற்குப் பெயராயிற்று.

இதன் தாளம் எளியது. ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணி, ஒன்றில் மட்டும் அழுத்தம் தருதல் வேண்டும். நம் இசையில் ‘தகிட, தகிட’ எனச் சொல்வதைப் போன்றதே இது.

அக்காலத்து உயர்குடியினர் ஆடிய மினுவே நடனத்தில், கைகளை மட்டும் பற்றி, அளந்து அடிவைப்பர். வால்ட்ஸ் நடனத்திலோ இருவரும் நெருங்கி நின்று ஆடினர். ஆதலின் பலர் இதனைப் பண்பற்றது எனப் பழித்தனர். நெப்போலியன் காலப் போர்களை அடுத்து 1814–1815இல் வியன்னாவில் பல நாட்டுத் தலைவர்கள் மாநாடு கூடினர். அப்போது நடந்த விருந்துகளில் வால்ட்ஸ் சிறப்பிடம் பெற்றது. 1816இல் இலண்டன் அரச விருந்தில் இஃது ஆடப்பட்டபோது, ‘தி டைம்ஸ்’ நாளேடு கடுமையாகக் கண்டித்தது. பழிச்சொல் மறைந்தது, நடனமோ நிலைத்தது.

இதற்கு இசையால் உயர்வு தந்தோர் யோசப் லானரும், விடுதிக்காரர் ஒருவரின் மகனான யோகான் ஸ்ட்ராஸ் என்பவரும் ஆவர். தம் மகன் இசைத்தொழில் புரிவதை ஸ்ட்ராஸ் விரும்பவில்லை. எனினும், தந்தையின் பெயரையே தாங்கிய அம்மகன் மறைவாக வயலின் பயின்று, 1844இல் தம் 18ஆம் வயதில் இசைக்குழுவுடன் அரங்கேறினார். 1867இல் அவர் அளித்த ‘நீல டான்யூப்’ இன்றும் உலகெங்கும் ஒலிக்கிறது.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்தில் மெதுவான வால்ட்ஸ் உருவாயிற்று. வியன்னா முறையில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 60 தாளச் சுற்றுகள். இதிலோ ஏறத்தாழ 30 மட்டுமே.

உழைத்துக் களைத்த மக்கள் மகிழ்ச்சிக்காக ஆடிய ஆட்டமே பின்னாளில் மன்னர்களையும் ஆட வைத்தது. ஆகவே, எளியோர் கலையென எக்கலையையும் இகழாதிருப்போமாக!